ஆச்சியின் வளவு

2017 கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை. நாலாம் நாள் விடியப்புறம் ஆச்சி கண்ணை மூடினார். நான் செங்கலடியில் ஒரு வீட்டு வயரிங் வேலைக்கு வெளிக்கிட்டு, சாமான் பையை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு நின்றேன். பேரன் நனைந்துகொண்டு வந்து படலையில் நின்றான். "பாஸ்டர், ஆச்சி போயிட்டா" என்றான். பையை அவிழ்த்து உள்ளே வைத்துவிட்டு அவனோடு போனேன்.

எங்கள் சபை ஆச்சியின் வளவில், அவருடைய வீட்டுக் காணியில்தான் இருக்கிறது. மட்டக்களப்பு டவுனில் இருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து, வவுணதீவுக்கும் அங்கால், வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரைக்குள் போனால் வருகிற ஒரு சின்னக் கிராமம். ஊர்ப் பெயரை எழுதவில்லை. நான் சொல்லப் போகும் ஆட்கள் எல்லாரும் இன்னும் அங்கே ஒருவர் முகத்தில் ஒருவர் முழித்து வாழ்கிறவர்கள். சபை என்றால் தகரம் போட்ட ஒரு கொட்டில். 40 பிளாஸ்டிக் கதிரை, ஒரு மேசை, ஒரு பழைய ஸ்பீக்கர். ஞாயிற்றுக்கிழமை 35 பேரும் வருவார்கள், 50 பேரும் வருவார்கள். வயல் வேலை நடக்கும் காலத்தில் 20 பேர் வந்தாலே பெரிய காரியம்.

2011 இல் நான் அந்த ஊருக்குப் போகத் தொடங்கியபோது கொட்டிலும் இல்லை. 2007 யுத்த இடப்பெயர்வில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி, திரும்பி வந்து, தறப்பாளுக்குக் கீழே இருந்து வீட்டைக் கட்டிக்கொண்டிருந்த சனம். ஆச்சியின் பேத்திக்கு ஒரு சுகவீனம் வந்தது. ஜெபிக்கக் கூப்பிட்டார்கள், போனேன். மறுகிழமை ஆச்சியே பாய் விரித்து, அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆறு பேரைக் கூப்பிட்டு இருத்தியிருந்தார். இப்படி ஒரு வருசம் புளிய மரத்துக்குக் கீழே கூடினோம். மழைக்காலம் வந்தபோது, "பின்னுக்கு ஒரு கொட்டில் போடு மனே" என்றார். பிள்ளைகளைக் கேட்க வேண்டாமா, ஊரில் கதை வராதா என்று நான் இழுத்தேன். "இது என்ட அம்மா எனக்குத் தந்த வளவு. ஒருத்தரும் கேக்க ஒண்ணா" என்றார்.

இந்தப் பேச்சின் கனம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் உடனே விளங்கும். கிழக்கில் வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய் வீட்டைக் கொடுத்துவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்குவாள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருக்கிறவர். குடி என்கிற குலமும் அப்படித்தான், தாய் என்ன குடியோ பிள்ளைகளும் அதே குடி. வீடு ஆம்பிளையின் பெயரில் இருக்கிற இடங்களில் ஊழியம் செய்த நண்பர்கள், ஒரு தாய் விசுவாசத்துக்கு வந்தாலும் வீட்டுக் கதவு திறக்கப் பத்து வருசம் பிடித்தது என்று சொல்லியிருக்கிறார்கள். படுவான்கரையில் நான் பார்த்த சின்னச் சபைகளில் முக்கால்வாசி ஏதோ ஒரு பெண்ணின் வளவில் தொடங்கியவை. எங்கள் ஆட்கள் சாட்சி சொல்லும்போது பாஸ்டர்மாரின் பெயரைத்தான் சொல்வார்கள். இடம் கொடுத்தவளின் பெயரைச் சொல்ல மறந்துபோவார்கள். எனக்கு அது எப்போதும் மனத்தை உறுத்தும்.

நான் டவுனில் மெதடிஸ்த குடும்பத்தில் பிறந்தவன். வில்லியம் ஓல்ட் பாதிரியாரின் கதையைக் கேட்டு வளர்ந்தவன். 1814 இல் இலங்கைக்கு வந்து இறங்கிய வெஸ்லியன் மிஷனரிகளில் ஒருவர் அவர். மனைவியைக் கடற்பயணத்திலேயே பறிகொடுத்துவிட்டு மட்டக்களப்புக்குத் தனியே வந்தார். பள்ளிக்கூடங்கள் தொடங்கினார். 1815 ஏப்ரல் 1 ஆம் தேதி இறந்துபோனார். மட்டக்களப்பில் அவர் இருந்தது மொத்தம் எட்டு மாதம். மெதடிஸ்த மத்திய கல்லூரி இன்றைக்கும் தன் வயதை 1814 இல் இருந்துதான் எண்ணுகிறது. ஊழியத்தில் மனம் விட்டுப்போகிற நாட்களில் அந்த எட்டு மாதத்தை நினைப்பேன். பிற்பாடு நான் பெந்தெகொஸ்தே பக்கம் வந்துவிட்டேன். அது வேறு கதை. வந்ததில் ஒன்றை இழந்தேன் என்பது மட்டும் ஆச்சி செத்த அன்றுதான் தெரிந்தது. பழைய சபைகளுக்கு இருநூறு வருசத்துச் சேமக்காலை, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. எங்களுக்கு ஆறடி நிலம் கிடையாது.

காலை எட்டு மணி இருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெட்டி எடுக்க டவுனுக்கு ஆள் அனுப்பியாகிவிட்டது. ஊரில் இருந்து இரண்டு பேர் வந்து வளவுக்கு வெளியில் நின்று என்னைக் கூப்பிட்டார்கள். ஒருவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"பாஸ்டர், குறை நினைக்காதீங்க. நம்மட மயானத்தில வேதக்காரரை வைக்க ஏலாது எண்டு பொடியன்மார் கதைக்கிறானுகள். டவுனுக்குக் கொண்டு போறது நல்லம்."

டவுனில் எங்கே கொண்டுபோவது? அங்குள்ள சேமக்காலைகள் அந்தந்தச் சபைகளுக்கு உரியவை. ஊர் மயானம் பிரதேச சபைக்குச் சொந்தமான பொதுக்காணி, ஒருவரும் மறிக்க முடியாது. இது எனக்குத் தெரியும். அரசியலமைப்பின் 10 ஆம் உறுப்புரையும் 14 ஆம் உறுப்புரையும் மனச்சாட்சிக்கும் வழிபாட்டுக்கும் என்ன உரிமை தருகின்றன என்பதும் தெரியும். எங்களைப் போன்ற சபை நடத்துகிறவர்கள் இதை எல்லாம் படித்து வைத்திருக்காமல் காலம் தள்ள முடியாது. 2008 இல் புதிய வழிபாட்டிடங்கள் பற்றி மத விவகார அமைச்சு ஒரு சுற்றறிக்கை விட்டது. அதற்குப் பிறகு "பதிவு எங்க? அனுமதி எங்க?" என்று வந்து கேட்ட அதிகாரிகளுக்குக் காட்டவென்று ஒரு பைல் நிறையக் கடிதம் வைத்திருந்தேன். பொலிசுக்குப் போயிருக்கலாம். போனால் அன்று பின்னேரம் இரண்டு பொலிஸ்காரர் நிற்க ஆச்சியை அடக்கம் செய்திருக்கலாம். மறுநாள் எங்கள் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும். ஒரே கிணற்றடி, ஒரே வாய்க்கால். பைலைத் தொட மனம் வரவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்தேன். ஜெபித்தேன் என்று சொன்னால் பொய். ஆச்சியின் கால் மாட்டைப் பார்த்தபடி சும்மா இருந்தேன்.

அந்த நேரம் என் மனத்தில் ஓடியது ஒரு பழைய சண்டை. ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசியில் சடங்கு நடக்கும், கடைசியில் அம்மனைக் குளிர வைக்கும் குளிர்த்தி. குடிக்கு ஒரு பங்கு என்று அரிசியும் காசும் சேர்ப்பார்கள். ஞானஸ்நானம் எடுத்த பிறகும் ஆச்சி தன் பங்கைக் கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. கிறிஸ்துவுக்குள் வந்தவருக்குக் குடி என்ன, கோத்திரம் என்ன என்று பிரசங்கமே வைத்தேன், ஆச்சி முன்வரிசையில் இருக்கவே. முடிந்ததும் என்னிடம் வந்து, "நான் அம்மனுக்குக் குடுக்கல்ல மனே, என்ட குடிக்குக் குடுக்கன்" என்றார். இரண்டும் ஒன்றுதான் ஆச்சி என்றேன். அவர் என்னோடு வாதாடவில்லை. அடுத்த வருசம் கொடுக்கவில்லை. அந்த வருசம் அவருடைய தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வரவில்லை என்பதையும் எனக்குச் சொல்லவில்லை. பேத்திதான் பிறகு சொன்னாள்.

பத்து மணிக்குக் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கர் வந்தார். குடையை மடக்கித் திண்ணையில் சாய்த்துவிட்டு நேரே உள்ளே போய் ஆச்சியின் தலைமாட்டில் நின்றார். வெளியே வந்து, வாசலில் கூடி நின்ற ஆட்களைப் பார்த்துச் சத்தம் போடாமல் சொன்னார்:

"இவ என்ட அம்மாட தங்கச்சி. என்ட குடி. இவவ எங்க வைக்கிறதெண்டு நாங்கதான் சொல்லுற."

பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்க உங்கட முறைப்படி ஜெபத்தப் பண்ணுங்க. பறை வேணுமெண்டு நாங்க கேக்கல்ல. ஆனா பெட்டிய நாங்கதான் தூக்குவம்."

சரி ஐயா என்றேன். வேறு பேச்சு வரவில்லை.

நாலு பொடியன்மார் மண்வெட்டியோடு போனார்கள். அவர்களில் ஒருவன் காலையில் மறித்துக் கதைத்த கூட்டத்தில் நின்றவன்தான். குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, வாளியால் அள்ளி ஊற்றினார்கள். கோயிலில் காவடி எடுக்கிறவர்களின் தோளில் ஆச்சியின் பெட்டி போனது. பின்னால் எங்கள் சபைப் பெண்கள் குடை பிடித்துப் பாடிக்கொண்டு நடந்தார்கள். ஆச்சி இருளில் இருந்து வெளிச்சத்துக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டும் என்று காலையிலேயே குறித்து வைத்திருந்தேன். குழியின் ஓரத்தில், அவரைத் தூக்கி வந்த ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்ல என் வாய் வரவில்லை. ஆறு வருசம் ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்து எனக்குப் பிட்டும் மீன் குழம்பும் தந்தவர் என்றேன். உயிர்த்தெழுதலை வாசித்தேன். மண் போட்டோம்.

பிறகு சபையில் ஒரு கதை உலாவியது. அந்த வருசம் வைகாசியில் குளிர்த்தி இரவு கோயில் ஜெனரேட்டரில் இருந்து போன வயர் எரிந்து, பந்தலுக்குக் கரண்ட் இல்லாமல் போனது. ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்டார்கள், போய்ச் சரி செய்து கொடுத்தேன். பாஸ்டர் கோயிலுக்கு லைட் போட்டார் என்று எங்களில் இரண்டு குடும்பம் வருவதை நிறுத்தியது. பிள்ளைகள் ஓடித் திரிகிற இடத்தில் உரிந்த வயர் கிடந்தால் எந்த எலெக்ட்ரீஷியனும் போகத்தான் வேண்டும். இன்றைக்குக் கூப்பிட்டாலும் போவேன். அந்த லைட்டுக்குக் கைமாறாகத்தான் வண்ணக்கர் வந்தார் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். எனக்கும் உள்ளுக்குள் அப்படி ஒரு நினைப்பு இருந்தது. இரண்டு வருசம் கழித்து அவரிடமே கேட்டேன். அவருக்குக் கேள்வி விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. "லைட்டுக்கும் அதுக்கும் என்ன தம்பி? அவ என்ட குடி" என்றார்.

எதை அறுத்துவிட வேண்டும் என்று நான் ஆறு வருசம் பிரசங்கித்தேனோ, அதுதான் ஆச்சிக்கு ஆறடி நிலம் வாங்கிக் கொடுத்தது. இதை நான் இலேசாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு குடியைப் பற்றி ஒரு பிரசங்கமும் வைக்கவில்லை. 31 ஆம் நாள் ஆச்சியின் பிள்ளைகள் சமைக்கட்டுமா என்று தயங்கிக் கேட்டார்கள். சமையுங்கள், குடி முழுக்கச் சொல்லுங்கள் என்றேன். படையல் இல்லை. ஸ்தோத்திர ஜெபம் செய்துவிட்டு எல்லாரும் இருந்து சாப்பிட்டோம். கல்யாணத்துக்குச் சொல்லாத தங்கச்சியும் வந்து அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

சின்னச் சபை நடத்துவது எப்படி என்று வாலிபத் தம்பிமார் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. அவர்கள் எதிர்பார்ப்பது பிரசங்கத்தைப் பற்றி. நான் காசைப் பற்றித்தான் முதலில் சொல்வேன். படுவான்கரையில் காணிக்கைப் பெட்டி வயலோடு சேர்ந்து நிறையும், வயலோடு சேர்ந்து காயும். ஐப்பசி கார்த்திகையில் பெரும்போகம் விதைத்தால் மாசி பங்குனியில் வெட்டு. அந்த இரண்டு மாதம் நெல் மூட்டை வரும், முதற்பலன் என்று தயிர்ச் சட்டி வரும். உன்னிச்சைக் குளத்தில் தண்ணீர் இருந்தால் சிறுபோகம் உண்டு. இல்லாவிட்டால் ஆவணி வரை பெட்டியில் சில்லறைதான். இதை நம்பி நான் குடும்பம் நடத்தினால், யாரிடம் காசு இருக்கிறதோ அவருடைய வீட்டுக்குத்தான் என் கால் அடிக்கடி போகும். அதனால்தான் வயரிங் வேலையை விடவில்லை. முழுநேர ஊழியம் அல்ல என்று ஒரு மூத்த போதகர் என்னைக் கடிந்துகொண்டார். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் விடமாட்டேன்.

2016 அளவில் ஒரு சகோதரி உறையில் தசமபாகம் என்று எழுதி 5,000 ரூபாய் தந்தார். அவருக்கு மாத வருமானமே அவ்வளவு வராது. இரண்டு கிழமை கழித்துத்தான் தெரிந்தது, அது குழு லோன் காசு. ஊரில் பாதிப் பெண்கள் அப்போது மூன்று நாலு கம்பனியில் லோன் எடுத்திருந்தார்கள். ஒரு லோனைக் கட்ட இன்னொரு லோன். கிழமைக்கு ஒரு நாள் கட்டுக்காசு எடுக்க வருகிறவன், கட்டாதவள் வீட்டு வாசலில் பொழுதுபடும் வரை நிற்பான். ஒருத்தி கட்டவில்லை என்றால் குழுவில் மற்றவர்கள் கட்ட வேண்டும். அக்கா தங்கச்சி மாதிரி இருந்தவர்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அரசு அறிவித்தபோது ஊரே மூச்சு விட்டது. அதற்குள் நகை, மாடு, சில வீட்டில் மானம் எல்லாம் போய்விட்டிருந்தது.

அந்த 5,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அழுதார், கர்த்தருக்குக் கொடுத்ததை வாங்கினால் சாபம் வரும் என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். டவுனில் நடந்த ஒரு பெரிய கூட்டத்தில் கேட்டாராம், காணிக்கையை விதையாக விதைத்தால் கடன் தீரும் என்று. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. கடனில் முங்கிக் கிடக்கிற பெண்ணிடம் விதை கேட்கிறவன் மேய்ப்பன் அல்ல. எந்தச் சபை மேடையாக இருந்தாலும் இதைச் சொல்வேன். அன்றில் இருந்து எங்கள் சபையில் ஒரு முறை உண்டு: லோன் காசில் காணிக்கை போடக் கூடாது. கட்டுக்காசுக்கு முட்டுப்பட்டால் சபையில் சொல்ல வேண்டும். பெண்கள் தங்களுக்குள் வட்டியில்லாத சீட்டு ஒன்று போட்டுக்கொண்டார்கள். அதில் கோயிலுக்குப் போகிற நாலு பெண்களும் இருக்கிறார்கள். நான் சேர்த்ததல்ல. அவர்கள் ஒரே குடி.

2019 ஏப்ரல் 21 பற்றி எழுதாமல் விடவும் முடியாது, அதிகம் எழுதவும் முடியாது. உயிர்த்த ஞாயிறு. நாங்கள் பாடிக்கொண்டிருந்தபோது ஒன்பது மணி தாண்டி ஒரு தம்பிக்குப் போன் வந்தது. டவுனில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்துவிட்டது என்றான். செத்தது சுமார் 30 பேர். பலர் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். எங்கள் சபையில் இரண்டு குடும்பத்துக்கு அங்கே சொந்தக்காரர். ஆராதனையைப் பாதியில் நிறுத்திப் பிள்ளைகளை எண்ணினேன். 17 பேரும் இருக்கிறார்கள் என்று தெரிந்தும் மறுபடியும் எண்ணினேன். முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் நான் வயரிங் சாமான் வாங்குகிற கடைக்காரர் பின்னேரம் போன் எடுத்தார். இரண்டு நிமிசம் போனில் ஒருவரும் பேசவில்லை. அவர் அழுவது மட்டும் கேட்டது. பல கிழமை கொட்டிலில் கூடவில்லை. கூடத் தொடங்கிய பிறகும் தாய்மார் பிள்ளைகளை வெளியே விடப் பயந்தார்கள். ஞாயிறு பாடசாலையை ஆச்சியின் வீட்டுக்குள், அவர் படுத்திருந்த அறையில் வைத்தோம். ஏழு வயதுப் பிள்ளை ஒன்று எப்போதும் பின்கதவுக்குக் கிட்டத்தான் இருக்கும். அதை மாறி இருக்கச் சொல்லக் கூடாது என்று ரீச்சர்மாருக்குச் சொல்லி வைத்தேன். இப்போது அவளே சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக் கொடுக்கிறாள். இன்னும் கதவுக்குக் கிட்டத்தான்.

ஆச்சியின் மகள் குவைத்தில் இருக்கிறார். வளவு இப்போது அவருடையது. போன மாதம் போன் எடுத்தார். பேத்திக்குச் சம்பந்தம் சரிவந்திருக்கிறது, நல்ல பிள்ளை, சைவக் குடும்பம். ஊர் வழக்கப்படி வீட்டையும் வளவையும் பிள்ளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மாப்பிள்ளை பகுதி கொட்டிலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். "கேக்காமலே இரிப்பாங்களா பாஸ்டர்? நான் என்ன செய்யிற?" என்றார். அம்மா தந்த இடம் என்று சொல்லும்போது குரல் உடைந்துபோனது.

பிள்ளைக்கு எழுதுங்கள் அக்கா என்றேன். ஆச்சி தன் தாயிடம் வாங்கியதை உங்களுக்குத் தந்தார், நீங்கள் உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள், எங்களுக்காக ஒரு துண்டையும் பிடித்து வைக்க வேண்டாம் என்றேன்.

சபையில் சொன்னபோது சிலருக்கு மனம் நொந்தது. 13 வருசம் கூடிய இடம், ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாமே என்றார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு அந்த 5,000 ரூபாயைக் கொண்டுவந்த சகோதரி ஒன்றும் பேசாமல் இருந்தார். எல்லாரும் போன பிறகு வந்து, "எங்கட வளவு சின்னன் பாஸ்டர். பின்னுக்கு வேம்படியில கொஞ்சம் இடம் கிடக்கு. அம்மா என்ட பேரில எழுதிட்டா" என்றார்.

சனிக்கிழமை போய் அளந்து பார்த்தேன். வேம்பை வெட்டாமல் 18 அடிக்கு 12 அடி கிடைக்கும். பழைய கொட்டில் தகரத்தில் 22 இருக்கிறது, ஓட்டை இல்லாதது 14. வண்ணக்கரின் மகனிடம் உழவு மெஷினும் இழுவைப் பெட்டியும் கேட்டிருக்கிறேன். வெட்டு முடிந்ததும் தகரத்தை ஏற்றித் தருவதாகச் சொன்னான்.